நீ விடைபெறும் முன் போக வேண்டிய ஒரு வீடு

அன்புள்ள மகனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்புக் கூட்டத்தில் நான் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். மனு உன்னைப் பற்றியது. உன் பெயரை எழுதவில்லை. நீ வகிக்கும் பொறுப்பையும் நீ வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் எழுதியிருக்கிறேன், அதுவே போதும். பெற்ற பிள்ளை மீது அம்மா மனு கொடுக்கிறாள் என்பதை நீ மூன்றாம் மனிதர் வாயால் கேள்விப்படக் கூடாது. போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ டாக்டராகிவிடுகிறாய், நான் அம்மாவாகிவிடுகிறேன், விஷயம் நடுவில் எங்கோ காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதன் பிரதி ஒன்றை உன் அக்காவைப் போன்ற நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். ஆகையால் இதில் உன் பெயரும் உன் நிலையம் இருக்கும் ஊரின் பெயரும் வராது. நான் மும்தாஜ் என்று எழுதப்போகும் பெண்ணின் பெயரும் உண்மையில் மும்தாஜ் இல்லை. அவர்கள் பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். உனக்கு யாரென்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் உனக்கு வாழ்த்து சொல்லிவிடுகிறேன். சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. நீ ராப்பகலாகப் படித்தது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை உன்னை இங்கிருந்து ரிலீவ் செய்கிறார்கள், புதன்கிழமை ரயில் ஏறுகிறாய். உனக்கு ஊறுகாயும் பருப்புப் பொடியும் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போவாயா என்று உன் அப்பா கவலைப்படுகிறார். வருவாய் என்றுதான் நான் நினைக்கிறேன். நீ கோபக்காரன், ஆனால் முரடன் இல்லை.

குழுவில் படிப்பவர்களுக்காக உன் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. கோமதி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்தாள். நீ பிளஸ் டூ படித்தபோது உனக்குக் கரிம வேதியியல் ஏறவில்லை என்று தினமும் பள்ளியிலிருந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற மாதிரிதான் வந்தது, எல்லாருக்கும் போகிற மாதிரிதான் போனது. களைப்பு மட்டும் போகவில்லை. கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியவில்லை, பிறகு படியேற முடியவில்லை, பிறகு உட்கார முடியவில்லை. இப்போது ஜன்னலுக்குக் கனத்த துணி போட்ட அறையில் படுத்திருக்கிறாள். வெளிச்சமும் பேச்சும் மிக்ஸி சத்தமும் அவளுக்கு அடி மாதிரி விழுகின்றன. இந்த நோயின் மோசமான குணம் என்னவென்றால், முடியாததைச் செய்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் ஆளைச் சாய்க்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. சிதம்பரத்தில் பார்த்தோம், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், பெரிய ஊர்களுக்கும் போய்வந்தோம். ஒருவர் இரும்புச்சத்து என்றார். ஒருவர், "மனசுல எதையோ வச்சிக்கிட்டிருக்காங்க" என்றார். ஒருவர் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மலா இருக்கும்மா, ஒண்ணுமில்ல" என்றார். "ரிப்போர்ட்டுக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியுது சார். பொண்ணுக்கு என்னான்னு சொல்லுங்க" என்றேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். இவர்களில் ஒருவர்கூடப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை. அவர்கள் சொன்னதைச் செய்ததால் அவள் இன்னும் மோசமானாள் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் திரும்பிப் போகாததால், சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் மின்வாரியத்தில் புகார் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே ஒரு பழக்கம் வைத்திருந்தேன். லைன்மேன் வந்து, "முடிஞ்சிடுச்சும்மா, எழுதிக்குங்க" என்பார். நான் எழுத மாட்டேன். புகார் சொன்ன வீட்டுக்குப் போன் போட்டு, "கரண்ட் வந்துடுச்சாங்க?" என்று கேட்ட பிறகுதான் எழுதுவேன். சில லைன்மேன்களுக்கு இது பிடிக்காது. "எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்பார்கள். நம்பிக்கை இருந்தது. கம்பத்தில் வேலை முடிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும், வீட்டில் விளக்கு எரிகிறதா என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், அவ்வளவுதான். உங்கள் துறையில் வீட்டுக்காரரைக் கேட்கும் வழக்கம் இல்லை என்பதைக் கோமதி படுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். உடம்புக்கு முடியாமல் வராதவர்களை நீங்கள் வராதவர்கள் என்று மட்டுமே எழுதுகிறீர்கள்.

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நீ ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு விடுமுறைக்கு வந்திருந்தாய். "அக்கா, கொஞ்சம் கொஞ்சமா நடந்தாத்தான் உடம்பு பழகும். வா, கோயில் வரைக்கும் போலாம்" என்று கூப்பிட்டாய். அப்போது அவளால் வீட்டுக்குள் நடமாட முடிந்தது. உனக்காகக் கிளம்பினாள். கீழ வீதி வழியாக நடந்து, கோபுர வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வடக்குச் சன்னதிப் பக்கம் சுற்றித் திரும்பி வந்தீர்கள். வந்ததும் சிரித்துக்கொண்டு காபி கேட்டாள். நீ என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா?" என்றாய். மறுநாள் ஊருக்குப் போய்விட்டாய். அதற்கு அடுத்த நாள் அவள் விழுந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். அடுத்த முறை நீ வந்து பார்த்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மும்தாஜும் கோமதியும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. குழுவில் அறிமுகமாகி, குரலைப் பதிந்து அனுப்பிப் பழகியவர்கள். மூச்சு இருக்கிற அளவுக்கு ஒரு வரி, இரண்டு வரி பேசுவார்கள். "அக்கா, இன்னிக்கு ஜன்னலத் திறந்தேன்" என்று அவள் அனுப்புவாள். "நான் திறக்கல, நீ என்ன பாத்த சொல்லு" என்று இவள் அனுப்புவாள். அதற்குப் பதில் வர இரண்டு மூன்று நாள்கூட ஆகும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உன் அக்காவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சிநேகிதி அவள். மும்தாஜின் கணவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார், மாமியார்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்கே வந்து நர்ஸம்மா பார்க்கும் அரசுத் திட்டத்தில் அவள் பெயர் இருந்தது. மாதம் ஒரு தடவை வந்து, நாடி பார்த்து, மாத்திரை கொடுத்து, படுக்கைப்புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் படுத்துக்கிடக்கிற ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நீ அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக வந்தாய். வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிகளை நேரில் பார்த்து, தேவையில்லாதவர்களை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நீ மும்தாஜ் வீட்டுக்குப் போனாய். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல உடை, தலையில் முக்காடு, பேச்சில் தடுமாற்றம் இல்லை. உனக்கு நன்னாரி சர்பத் வந்தது. நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். நல்ல முன்னேற்றம் இருக்கிறது, இனி வெளிநோயாளியாக நிலையத்துக்கு வரலாம் என்று எழுதினாய். நீ கையெழுத்துப் போட்டதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினாய்.

அன்றைக்கு மறுநாள் அவள் படுத்தாள். நர்ஸம்மா வருவது நின்றது. கொஞ்சம் தேறியதும், டாக்டர் வரச் சொன்னாரே என்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையில் பெஞ்சு காலியாக இல்லை. சுவரில் சாய்ந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். அன்று நீ கடலூரில் மீட்டிங்கில் இருந்தாயாம். யாரோ தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் ஏற்றி, "சாப்பிடாம வந்திருப்பாங்க" என்று அனுப்பிவைத்தார்கள். அதிலிருந்து அவளால் பேச முடியவில்லை. கஞ்சியை விழுங்கவே நேரமாகிறது. கோமதியின் போனில் அவளுடைய குரல் வருவது நின்றுவிட்டது. கோமதி என்னிடம், "அம்மா, நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள். பஸ் ஏறிப் போனேன்.

மும்தாஜின் மாமியார் என்னை உட்காரவைத்து, வெட்டிவேர் போட்ட தண்ணீர் கொடுத்தார். அறைக்குள் நான் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கோமதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு பார்வை போதும். வெளியே வந்து, "டாக்டர் வந்தன்னிக்கு ஏன் எழுந்து உட்கார்ந்தா? படுத்தே இருந்திருக்கலாமே?" என்று கேட்டேன். அந்த அம்மாள், "என்னம்மா இப்புடி கேக்குறீங்க. மத்த டாக்டருன்னா படுத்துத்தான் இருப்பா. கோமதி தம்பியாச்சே வர்றது. 'மாமி, அக்காவோட தம்பி மொத மொதல்ல நம்ம வூட்டுக்கு வர்றாக, நான் படுத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்'னா. காலையிலேயே குளிக்க வைக்கச் சொன்னா. சர்பத்துக்கு எலுமிச்சம்பழம் அவதான் புழிஞ்சா, நான் குடுன்னாலும் குடுக்கல" என்றார்.

அந்த வீட்டில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தது உனக்கான மரியாதை. அதை நீ குணமாகிவிட்டதற்கு அடையாளமாக எழுதிக்கொண்டாய். நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் விருந்தாளியைப் படுத்துக்கொண்டு வரவேற்க மாட்டார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான். கோமதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் குளிப்பாட்டி, தலைவாரி, நல்ல புடவை கட்டித்தானே கூட்டிப் போனோம். டாக்டர்களும் அவளைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க" என்றார்கள். அவர்களுக்குத் தெரியாது, மன்னித்துவிடலாம். உனக்குத் தெரியும். "நீங்க தினமும் இப்படி உட்காருவீங்களா? நேத்து உட்கார்ந்தீங்களா?" என்ற ஒரு கேள்வி அவளைக் காப்பாற்றியிருக்கும். பொய் சொல்லத் தெரியாத பெண், உள்ளதைச் சொல்லியிருப்பாள். அதை நீ கேட்கவில்லை.

அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கும். "நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்தாங்கம்மா" என்றாய். அவள் எதற்காக எழுந்தாள் என்று சொன்னேன். அதற்கு நீ, "இப்ப அத மாத்துனா, ஏன் மொதல்ல எடுத்தீங்கன்னு மேல கேப்பாங்க. நான் ரிலீவ் ஆகுற நேரம். அடுத்து வர்ற டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றாய். அடுத்து யார் வருகிறார்கள் என்று கேட்டேன். இன்னும் யாரையும் போடவில்லை என்றாய். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். நீ தவறாக எழுதியதற்கு வரவில்லை. வேலை ஜாஸ்தி, ஆள் குறைவு, மேலிருந்து அவசரம், எல்லாம் எனக்கும் தெரியும், நானும் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவள்தான். தெரிந்த பிறகும் அதை வராத ஒருவர் தலையில் வைத்துவிட்டு ரயில் ஏறப் பார்த்தாயே, அதற்குத்தான் வந்தது. நீ போய்விட்டால் அந்தக் குறிப்பு யாருடையதும் இல்லை. புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டு, முன்பிருந்த டாக்டர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார் என்பார். அந்த மாமியார் எத்தனை முறை போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

உன் அப்பாவுக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. "பெத்த புள்ள மேல மனு குடுக்குறவ ஊருல வேற யாராச்சும் உண்டா? அவன் படிப்புக்கு எதுனா வந்துடப் போவுது" என்கிறார். உன் படிப்புக்கு ஒன்றும் வராது, விசாரித்துக்கொண்டேன். விளக்கம் கேட்பார்கள். நீ விளக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லிப் பழகு. நாளைக்குப் பெரிய டாக்டராகி, பெரிய ஆஸ்பத்திரியில் உட்காருவாய். உன் முன்னால் வந்து நிற்கிறவர்களை மட்டும் நோயாளி என்று நினைக்காதே. வருவதை நிறுத்தியவர்களைப் பற்றி அவ்வப்போது விசாரி. உன் மருந்து கேட்டதா என்பதை உன் சிநேகிதர்களான டாக்டர்களிடம் கேட்காமல் அதைச் சாப்பிட்டவரிடம் கேள். யாராவது உன்னிடம் வந்து, நீங்கள் சொன்னதைச் செய்து எனக்கு மோசமாகிவிட்டது என்று சொன்னால், அந்த ஆளை உட்காரவை. அப்படி வந்து சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் சொல்ல முடியாமல் எங்கேயோ படுத்திருப்பார்கள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீட்டுக்குப் போய் வா. போகும் முன் மாமியாருக்குப் போன் செய்து, யாரும் எழுந்திருக்கக் கூடாது, நான் விருந்தாளியாக வரவில்லை என்று சொல்லிவிடு. அறைக்குள் விளக்குப் போடாதே. கேள்விகளை மாமியாரிடம் கேள், நேற்றும் முந்தாநாளும் எப்படி இருந்தாள் என்று கேள். வெளியே வந்து, முன்பு எழுதியது தவறு, இவரை வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, நர்ஸம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறு. மேலிடத்தில் கேட்டால், நான்தான் தவறாகப் பார்த்தேன் என்று சொல். சொன்னால் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டாய்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். திங்கட்கிழமை நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். மனுவைக் கோமதிக்கு மெல்லப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நானும் வர்றேம்மா" என்றாள். கடலூர் வரைக்குமா என்று கேட்டேன். "நீ மட்டும் போனா காயிதத்த வாங்கி வச்சிக்குவாங்க. இந்த நோவு எப்படி இருக்கும்னு அவுங்க யாரும் பாத்ததில்ல. மும்தாஜால வர முடியாது. அவ என் தம்பிக்காக எழுந்தா. நான் அவளுக்காக வர்றேன்" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி ரொம்ப நாளாகிறது. பேசி முடித்துவிட்டு அன்று முழுவதும் கண் திறக்கவில்லை.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் மாறவில்லை. தெரிந்த வேன்காரர் ஒருவர் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார்கள், உள்ளே கூட்டமும் மைக்கும் டியூப்லைட்டும் இருக்கும், அத்தனையையும் அவள் படுத்தபடியே கடந்து போக வேண்டும். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரைக்குமாவது தானே போகிறாள். கடலூர் போய்த் திரும்பிய பிறகு அது அவளுக்கு இருக்காது. திரும்பக் கிடைக்குமா என்றும் தெரியாது. இதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை, கோபுர வாசல் வரை நடந்ததற்கே என்ன ஆயிற்று என்று நீ பார்த்தவன். இதைப் படித்துவிட்டு, அம்மா மிரட்டுகிறாள் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பயமாகவும் இருக்கிறது.

நீ அந்த வீட்டுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் வரத் தேவையில்லை, அவளே அப்படித்தான் சொன்னாள். மனுவை நான் மட்டும் கொண்டுபோவேன், நீ திருத்திவிட்டாய் என்பதையும் அதில் சேர்த்து எழுதுவேன். வேன் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் சொல்லிவிடச் சொன்னார் வேன்காரர். அதுவரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அம்மா